மீன் தொட்டிச் சத்தம்

அண்ணனூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

பாசமுள்ள வெற்றி அண்ணனுக்கு,

உன் தங்கை சிம்ரன் எழுதுகிறேன். கடிதம் என்றால் முதல் வரியில் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும் என்பது அம்மா சொல்லிக்கொடுத்தது. அந்த வரியைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பாடி அனுப்பிய தாலாட்டைக் கேட்டுவிட்டு, "செம க்ளீனா இருக்கு சிம்மு, என்ன மைக் வாங்கினே?" என்று மூன்று முறை மெசேஜ் அனுப்பிவிட்டாய். நானும் மூன்று முறை சிரிக்கிற பொம்மையைப் போட்டுத் தப்பித்துவிட்டேன்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீ கேலி செய்வாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். மெசேஜில் சொன்னால் அடுத்த நிமிடமே வீடியோ கால் போடுவாய், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பின் தெரு சரணுக்கு உன் துபாயில்தான் வேலை கிடைத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான். அவன் கையில் மாங்காய் ஊறுகாயும், நீ அனுப்பிய வெள்ளிக் கலர் மைக்கும், இந்தக் கடிதமும் வருகின்றன. அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனைப் போட்டுக் குடையாதே. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போனைத் தொடு.

அந்த மைக்கை ஏன் திருப்பி அனுப்புகிறேன் என்றால், அதற்குக் காது ரொம்ப அதிகம். நல்ல மைக்தான், நான் குறை சொல்லவில்லை. ஸ்டுடியோவில் வைத்தால் என் குரல் தேன் மாதிரி வரும். நம் வீட்டில் வைத்தால் நான் மட்டுமா வருகிறேன்? ரயில்களை நிறுத்துகிற கார் ஷெட்டுக்குள் போகிற ரயிலின் ஹார்ன் வருகிறது, பழைய இரும்பு வாங்குகிறவரின் ஸ்பீக்கர் வருகிறது. அம்மா ரசம் தாளித்தது பல்லவியில் விழுந்து, "ஷேக்கர் யார் வாசிச்சது, டைமிங் நல்லா இருக்கே" என்று நீ கிண்டல் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கு அன்று முழுக்க ஒரே பெருமை.

நீ சொன்னபடியெல்லாம் செய்து பார்த்தேன். உள் அறைச் சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தேன். பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, அம்மாவின் புடவைகளைப் பார்த்துக்கொண்டு பாடினேன். தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடியதில் வேர்த்து வழிந்து, ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். ரிச்சி தெருவுக்குப் போய், நம் ஆர்கெஸ்ட்ராவில் மேடையில் பிடித்துப் பாடுவோமே, அந்த மாதிரி டைனமிக் மைக் ஒன்று வாங்கி வந்தேன். உதட்டை ஒட்டி வைத்துப் பாடினால் ரயிலும் ரசமும் போய்விட்டன. ஆனால் உனக்குத் தெரிந்த இசையமைப்பாளருக்காக எடுக்கிற தாலாட்டை அப்படி ஒட்டிப் பாடினால் மூச்சுச் சத்தமெல்லாம் பாட்டின் மேலே வந்து விழுகிறது, தள்ளிப் பாடினால் அந்த ஒரு சத்தம் மட்டும் மறுபடி வந்துவிடுகிறது.

எந்தச் சத்தம் என்று உனக்கே தெரியும். அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு மோட்டார், அதற்கு மேல் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'புஸ்' என்று ஒன்று. கம்ப்யூட்டரில் அதைத் துடைத்துப் பார்த்தாய், என் குரல் தண்ணீருக்குள் இருந்து வந்தது. சத்தம் குறைகிற இடத்தில் தானாக வெட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தாய், "தூங்கு கண்ணே" என்பது "தூங்கு கண்" என்று நின்றுவிட்டது. நீ வெறுத்துப்போய் அது என்ன சத்தம்தான் என்று கேட்டபோது, பக்கத்து வீட்டில் மீன் தொட்டி வாங்கியிருக்கிறார்கள், அதற்குக் காற்று விடுகிற மோட்டார் என்று சொன்னேன்.

அண்ணா, பக்கத்து வீட்டில் மீன் தொட்டி கிடையாது. அது அப்பாவின் ஆக்சிஜன் மிஷின்.

உட்கார்ந்துகொள். தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

நீ போன பிறகு அப்பாவின் இருமல் கூடிவிட்டது. வார்ப்படக் கம்பெனியில் அத்தனை வருடம் மணல் தூசியில் நின்றது நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரையில் வேகத்தைக் குறைக்கலாம், பழையபடி ஆக்க முடியாதாம். வீட்டிலேயே மிஷின் வைத்து, மூக்கில் குழாய் போட்டுக்கொண்டால் நன்றாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார், என்னிடம் வம்புக்கு வருகிறார். அந்தக் குழாய் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் இப்போது அவருக்கு வீடு. ஹாலில் கட்டில், இந்தப் பக்கம் பாத்ரூம், அந்தப் பக்கம் வாசற்படி.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் நீ மலேசியா வேலையை உதறிவிட்டு வந்தாயே, அப்புறம் ஒன்றரை வருடம் கல்யாண மண்டபங்களில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கிக்கொண்டு திரிந்தாயே, அது அவர் மனதில் அப்படியே இருக்கிறது. "அவன் மறுபடி பொட்டியக் கட்டிக்கினு வந்து நிப்பான். இப்பதான் புள்ள ஒரு நல்ல எடத்துல குந்தினு கீறான். உட்டுடுமா" என்றார். அம்மாவும் நானும் வாயை மூடிக்கொண்டோம்.

வீடியோவில் நீ கூப்பிடும்போதெல்லாம் குழாயைக் கழற்றி பனியனுக்குள் செருகிவிட்டு, மிஷினைத் துண்டால் மூடிவிட்டுத்தான் உட்காருவார். அதனால்தான் "ம், சாப்ட்டியா, சரி வெச்சிடு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். "அப்பாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்று போன மாதம் என்னிடம் கேட்டாய். அவருக்குக் கோபம் இல்லை அண்ணா, மூச்சு இல்லை. நீ போனை வைத்த பிறகு குழாயை மாட்டிக்கொண்டு, நீ எந்தக் கலர் சட்டை போட்டிருந்தாய், இளைத்திருக்கிறாயா என்று அரை மணி நேரம் எங்களிடம் பேசுவார்.

இப்போது மைக் விஷயத்துக்கு வருகிறேன்.

தாலாட்டுப் பாட்டுக்குக் கடைசி வாய்ப்பு என்று நீ சொன்ன அன்று, உன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அந்த இசையமைப்பாளர் வேறு பெண்ணைப் பார்க்கப் போகிறார் என்று உனக்கு டென்ஷன். "பக்கத்து வூட்டுல போய்க் கேளு சிம்மு. அஞ்சு நிமிஷம் காத்து இல்லைன்னா மீனு ஒண்ணும் செத்துடாது" என்று கத்தினாய். நான் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். சிரித்து, அது இருமலாகி, அடங்க ரொம்ப நேரம் ஆனது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அதை மறந்துவிட்டேன்.

பத்து நாள் முன்பு, வியாழக்கிழமை, அம்மா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாள். நான் உள் அறைக் கதவைச் சாத்தி, அதே டைனமிக் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினேன். காதில் உன் மியூசிக் மட்டும்தான். ஹாலில் என்ன நடந்தாலும் தெரியாது. அன்று குரல் என்னவோ நன்றாகப் பேசியது, நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடிவிட்டேன். உடனே போட்டுக் கேட்டேன். மோட்டார் இல்லை, 'புஸ்' இல்லை, என் குரல் மட்டும் சுத்தமாக இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் அண்ணா. கையைக்கூடத் தட்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை மிஷின் சுவிட்சின் மேல், இன்னொரு கையால் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டிருக்கிறார், இருமல் வந்து பாட்டைக் கெடுத்துவிடக் கூடாதென்று. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் மிஷின் கூவும் என்று அவருக்குத் தெரியும், அதனால் மிஷினிலேயே இருக்கிற சுவிட்சைத்தான் அணைத்திருக்கிறார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு அதைப் போட்டேன். அந்த 'ம்ம்ம்' வந்தபோது, சாமி சத்தியமாக, என் வாழ்நாளில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் பேசிய முதல் வார்த்தை, "இன்னா கண்ணு, சுத்தமா வந்துச்சா?" என்பதுதான். நான் அழுதுகொண்டே கன்னாபின்னாவென்று கத்தினேன். செத்துத் தொலைந்திருந்தால் என்ன செய்வது என்றுகூடக் கேட்டுவிட்டேன். "மீனு செத்துடாதுன்னு உங்கண்ணன்தான சொன்னான்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தப் பாட்டை அனுப்பவே மாட்டேன் என்றேன். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "அனுப்பு. நான் சும்மாவா குந்தினு இருந்தேன்?" என்று கேட்டார். அனுப்பிவிட்டேன்.

இதுதான் அண்ணா நான் வாங்கின மைக்.

உன் மேல் வருத்தமே இல்லை. உனக்குத் தெரியாது, தெரியாமல் வைத்தது நாங்கள். ஆனால் நீ அடுத்து அனுப்பிய மெசேஜ்தான் என்னைத் தூங்க விடவில்லை. இசையமைப்பாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னும் நான்கு பாட்டு தருகிறார், எல்லாவற்றையும் இதே மாதிரி எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தாய். அப்பா அருகில் இருந்ததால் அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு ரெக்கார்டிங் கீதா?" என்பதுதான். இன்னும் மியூசிக் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்து நான்கு நாளாகப் போனிலேயே கிடக்கிறது. நான் குளிக்கப் போனால்கூட அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

எனக்குப் பாட ஆசை இல்லாமல் இல்லை. ஆடி மாதத்துக் கூழ் வார்க்கிற கச்சேரிகளிலேயே காலம் போய்விடுமோ என்று பயந்தவளுக்கு இது எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். ஆனால் என் பாட்டுக்கு இந்த விலை வேண்டாம். நீதான் சவுண்ட் இஞ்சினியர், நீயே சொல். மிஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது என்னை மட்டும் கேட்கிற மைக் ஏதாவது இருந்தால் சொல். இல்லாவிட்டால் அடியில் ஒரு மோட்டார் ஓடினாலும் பரவாயில்லை என்கிற ஆளாகப் பார். இரண்டும் இல்லையென்றால் அந்த நான்கு பாட்டையும் வேறு யாராவது பாடட்டும், நான் ஒன்றும் குறைந்துபோக மாட்டேன். அந்தத் தாலாட்டை மட்டும் அழித்துவிடாதே. அது அப்பா கொடுத்தது.

இதையெல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி கட்டிக்கொண்டே, "எழுதுடி, நான் பாக்கல" என்றாள். கட்டி முடித்த பிறகும் முடிச்சை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. விட்டால் அப்பா என்னைக் கொன்றேவிடுவார். லீவு எடுத்துக்கொண்டு வா, எத்தனை நாள் கொடுக்கிறார்களோ அத்தனை நாள். டாக்டரும் உன்னை வரச் சொல்வது நல்லது என்றுதான் சொன்னார். வேறெதுவும் அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் இல்லை. ஊர் பேரிலேயே அண்ணனை வைத்திருக்கிற ஊரில் அண்ணன் மட்டும் இல்லாமல் இருப்பது நன்றாக இல்லை.

கடைசியில் எழுதுகிறேன் என்று சொன்ன சௌக்கிய வரியை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நீ வந்து பார்த்துவிட்டு நீயே எழுதிக்கொள்.

ஒன்றே ஒன்று. நீ உள்ளே நுழைந்ததும் அப்பா அவசர அவசரமாகக் குழாயைக் கழற்றி, மிஷினை நிறுத்தப் பார்ப்பார். நான் தடுத்தால் கேட்க மாட்டார். சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டியவன் நீதானே. அதனால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள் அண்ணா. பிடித்துக்கொண்டு, "ஓடட்டும்பா" என்று சொல்.

அம்மன் துணை இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
வே. சிம்ரன்