செம்பு வாஷர்

மகனின் அம்மாவுக்கு,

நலம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் டூரிஸ்ட்களைச் சுற்றிக்காட்ட என் முதலாளி அனூப் சேட்டன் வைத்திருக்கும் பழைய டீசல் காரைப் பற்றி உனக்குத் தெரியும். நிறுத்தி வைத்தால் டீசல் குழாயில் காற்று ஏறிவிடும். தினமும் காலையில் நட்டைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட் ஆகும். அது எனக்கு மட்டுமே கைவந்த வேலை என்று சேட்டன் நம்புகிறார். அதனால் லீவு கிடையாது.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. தேய்ந்துபோன ஒரு செம்பு வாஷர் வழியாகத்தான் காற்று ஏறியது. வேலைக்குச் சேர்ந்த வாரமே கண்டுபிடித்துவிட்டேன். மாற்றினால் என்னை எதற்கு வைத்திருப்பார் என்று மூன்று வருஷமாக மாற்றவில்லை.

நேற்று மாற்றினேன். நான் இல்லாமலும் வண்டி ஓடும் என்று காட்டிவிட்டு ஊருக்கு வர நினைத்தேன். இன்று காலை சாவியைச் சேட்டன் கையிலேயே கொடுத்தேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அவர் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“எடா, எல்லாம் உன் கைராசி! இனி ஒரு நாள்கூட உன்னை விடமாட்டேன், கேட்டோ!”

வாஷர்தான் காரணம் என்று வாய்வரை வந்தது. சொன்னால், இத்தனை நாள் ஏன் மாற்றவில்லை என்று கேட்பாரே.

மகனுக்கு மொட்டை போடும் நாளை எனக்காக மூன்றாவது தடவையும் தள்ளிவைக்காதே. மடியில் உட்காரவைக்க உன் அண்ணன் இருக்கிறார்.

இப்படிக்கு,
மகனின் அப்பா