கைக்கு அளவெடுத்த கத்தி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகந்தானே, அங்கே குளிர் விட்டதா. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் போனில் சொல்வாள் உன் அம்மா. அவள் சொல்வதை எழுதிவிட்டேன், இனிமேல் வருவது என் பாட்டுக்கு நான் எழுதுவது. எனக்குப் போனில் சொல்ல வழியில்லை, வீடு இருக்கிற அளவுக்கு இந்த அறையில் முணுமுணுத்தால் அந்த அறையில் கேட்கும், அவள் காதுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதனால் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மேசை ஆடுகிறது என்று எடுத்துக்கொள்.

கையில் கொஞ்சம் வலி, சுளுக்கு மாதிரி என்றுதானே அம்மா உன்னிடம் சொன்னாள். வலியே இல்லை குட்டிம்மா, வலி இருந்தால்கூடத் தேவலை. மழைக்குப் பிறகு பின்பக்கம் வளர்ந்துவிட்ட புதரைக் கழித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டாள். எடுத்தாள், மறுபடி போட்டாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். மூன்றாவது தடவை இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. டாக்டர் ஏதேதோ சோதனை செய்து பார்த்துவிட்டு, நரம்பு ஒவ்வொன்றாகச் செயலிழக்கிற நோய் என்றார், கையில் தொடங்கியிருக்கிறது, காலுக்கும் நாக்குக்கும் போகும், மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்றார். உன் அம்மா அவரைப் பார்த்து, "டாக்டர், எந்த விரல் கடைசியா போகும்?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் கத்திப் பிடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கல்லவா தெரியும்.

மற்ற அம்மாக்கள் எல்லாம் நகை வாங்குகிறார்கள், என் அம்மா கத்தி வாங்குகிறாள் என்று நீ தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். காட்டில் செடி கணக்கெடுக்கிற வேலையில் ஊர் ஊராகப் போன காலத்தில் எந்தக் கொல்லுப்பட்டறையைக் கண்டாலும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவாளாம். விறகு பிளக்க அகலமானது, கொடி அறுக்க வளைந்தது, குச்சி சீவச் சின்னது. கண்ணாடிப் பெட்டியில் ஒன்றுகூடப் போனதில்லை, எல்லாமே மழையில் நனைந்து மரப்பால் ஒட்டி வேலை பார்த்தவை. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, உறையில் போட்டுவிட்டுத்தான் தன் முகத்தையே கழுவுவாள்.

டாக்டரைப் பார்த்த அதே வாரம், பேருந்து ஏறி அந்த மேட்டுப் பட்டறைக்குப் போகலாம் என்றாள். அந்தக் கொல்லரையும் அவர் மனைவியையும் உனக்கு நினைவிருக்கும், அவர் இரும்பைத் தட்டுவார், அந்த அம்மாள்தான் பிடி செதுக்குவாள். எடை குறைவாக ஒரு கத்தி, பிடி மட்டும் பருமனாக, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார், இதுதான் என் கடைசிக் கத்தி என்றாள் உன் அம்மா. அந்த அம்மாள் உடனே பிசைந்த களிமண் உருண்டை ஒன்றை உன் அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். மண்ணில் விரல் தடம் லேசாகத்தான் விழுந்தது. அந்தத் தடத்துக்கு ஏற்ற மாதிரியே மரத்தைச் செதுக்கி வைத்திருந்தாள். ஆனால் சில வாரம் கழித்து நாங்கள் வாங்கப் போன அன்றைக்குச் சுண்டு விரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. மறுபடி களிமண், மறுபடி பிடி. அது தயாராவதற்குள் கட்டைவிரல் போய்விட்டது. இன்னொரு தடவை அளவெடுங்கள் என்று உன் அம்மா கையை நீட்டியபோது கொல்லர் என்னைத் தனியே உலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணே, அக்கா கை முன்னால போயிட்டே இருக்கு, நாங்க பின்னாலயே ஓடிட்டு இருக்கோம். இனி எங்களால எட்டிப் பிடிக்க முடியாது" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், உலைச் சூட்டினால் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாள் மூன்றாவது உருண்டையை வைத்துக்கொண்டு, தானே உன் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அழுத்திக்கொண்டிருந்தாள். மண்ணில் நல்ல ஆழமாகத் தடம் விழுந்தது. யாருடைய பலத்தில் விழுந்தது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கத்தி போன வாரம் வந்தது. இவ்வளவு அழகான கத்தி நம் வீட்டில் இல்லை. பின்பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்து அவள் கையில் பிடியை வைத்தேன், வாரை மாட்டினேன், என் கையால் அவள் கையைப் பொத்திக்கொண்டு ஒரு குச்சியைச் சீவினோம். சுருள் சுருளாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "கத்தி முதல் தரம். கைதான் ரெண்டாந்தரமாப் போச்சு" என்றாள். அப்புறம் எண்ணெய் தடவி உள்ளே வைக்கச் சொன்னாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, எது எந்த மரத்துக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தலையாட்டினேன். நான் எங்கே காட்டுக்குப் போகப் போகிறேன், பேருந்துப் பணிமனையில் ஸ்பானர் பிடித்தவன். அதுவும் அவளுக்குத் தெரியும், இருந்தும் சொல்லி முடித்தாள்.

வருஷக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதுவரைக்கும் பேச்சு இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன், அவர் எப்போது முடியுமோ அப்போதே வரச் சொல்லுங்கள் என்றார். வந்தால் குணமாகிவிடுவாள் என்று நான் கூப்பிடவில்லை, அந்த மாதிரி எதையும் உனக்கு எழுதிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து எழுதினேன். நான் பார்த்துக்கொள்கிறேன், சமைக்கப் பழகிவிட்டேன், தலை வாரிவிடத்தான் இன்னும் சரியாக வரவில்லை, வகிடு கோணலாகப் போகிறது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், குழந்தைக்கு என் முத்தம். இந்தக் கடிதம் வந்ததாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. இனிமேல் போன் செய்தால் எங்கள் காலை நேரத்தில் செய், சாயங்காலம் ஆனால் அவளுக்கு நாக்கு குழறுகிறது. அவள் சொல்வது புரியாவிட்டாலும் திரும்பத் திரும்ப என்ன என்று கேட்காதே குட்டிம்மா. சரிம்மா என்று மட்டும் சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா