அமலா மறுபடியும் கம்பியைத் தோளில் வைத்தாள்

சேரப்பணஞ்சேரி
17.11.1991

அன்பு மகன் சிவசங்கருக்கு அம்மா சின்னப்பொண்ணு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை அமலாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் சாப்பாடும் தூக்கமும் குறையாமல் நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்தே இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நல்ல மழை, ஏரி நிரம்பிவிட்டது, ஒரகடம் போகிற பஸ் இரண்டு நாள் வரவே இல்லை. அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்டு, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் நனைந்துகொண்டே சைக்கிளில் போகிறார், சொன்னால் கேட்பதில்லை. நீதான் எழுத வேண்டும், நீ எழுதினால் கேட்பார். ஆனால் இந்தக் கடிதம் அமலாவைப் பற்றி. அவள் கால் விஷயத்தில் நீ அங்கே தனியாகக் கவலைப்படுவாய் என்று உன்னிடம் பாதியை மறைத்துவிட்டோம். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன டிசம்பரில் அவள் பஸ்ஸிலிருந்து விழுந்தாள் என்று மட்டும் எழுதியிருந்தேன். கூட்டு ரோட்டில் ஒரு காலைக் கீழே வைத்ததும் வண்டி நகர்ந்துவிட்டது, உடம்பு ஒரு பக்கம் திரும்ப முட்டி மறு பக்கம் திரும்பி, உள்ளே ஏதோ அறுந்த சத்தம் தன் காதிலேயே கேட்டது என்றாள். நாங்கள் வெறும் சுளுக்கு என்று எண்ணெய்க் கட்டுப் போட்டு ஒரு மாதத்தை வீணாக்கினோம். வீக்கம் வற்றியது, ஆனால் நடக்கும்போது முட்டி திடீரென்று நழுவும், அவள் சுவரைப் பிடித்துக்கொள்வாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில்தான், முட்டிக்குள்ளே மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற நார் அறுந்துபோனது தெரிந்தது. பிப்ரவரியில் ஆபரேஷன். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கிற நாரில் ஒரு கீற்று எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்களாம். ஒருத்தியின் உடம்பிலிருந்தே எடுத்து அவளுக்கே வைக்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதை வெட்டிப் பிரித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன், ஏன் நின்றேன் என்று ஆகிவிட்டது. எடை தூக்கும் பயிற்சியில் எழுபது கிலோவைத் தலைக்கு மேலே தூக்கி நின்ற கால்டா அது, தொடை சூம்பி என் கை மொத்தம்தான் இருந்தது. தோல் வெளுத்து, முட்டியின் மேல் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். நான் வெளியே போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் அழவில்லை, இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி, ஷாரோன் என்று பெயர், உன் வயசுதான் இருக்கும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, காலால் அதைக் கீழே அமுக்கச் சொன்னாள். அவ்வளவுதான் பயிற்சி. அது அமலாவால் முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் பாயில் உட்கார்ந்து, "அமுக்குன்னு சொல்றேம்மா, இந்தக் காலு யாரோ மாதிரி கீது, கேக்கவே மாட்டேங்குது" என்றாள். நாலு நாள் அப்படியே போனது. அஞ்சாம் நாள் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், "அம்மா, இங்க கை வையி" என்று கத்தினாள். வைத்துப் பார்த்தால் தொடையில் ஒரு இடம், எட்டணா அளவு இடம், துடித்தது. நீங்கள் இரண்டு பேரும் வயிற்றில் இருந்தபோது முதன்முதல் அசைந்தீர்களே, அப்போது வைத்த கையை எடுக்க மனசு வராமல் நின்றது நினைவிருக்கிறது, அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். அப்புறம் மடக்கும் வேலை. தினம் காலையும் சாயங்காலமும் நான் குதிகாலைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்குவேன், அவள் வாயில் துண்டைக் கடித்துக்கொள்வாள், போதும் என்று நான்தான் விடுவேனே தவிர அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கணுக்காலில் கட்ட அப்பாவின் பழைய காக்கி பேண்ட்டைக் கிழித்து மணல் பை தைத்தேன், அரை கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று நாகப்பன் கடைத் தராசில் நிறுத்து நிறுத்து. பை பெரிதாகப் பெரிதாகத் தொடையும் ஒரு நூல் ஒரு நூலாகத் திரும்பி வந்தது.

இதையெல்லாம் என் கையால் செய்துகொண்டே, அவள் மறுபடி கம்பி தூக்கப் போகக்கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன் சங்கர். விழுந்தது பஸ்ஸில் என்றாலும் என் ஆத்திரமெல்லாம் அந்தக் கம்பி மேலேதான். ஆகஸ்டில் வாலாஜாபாத்திலிருந்து கங்கம்மாள் என்று ஒரு அம்மா தன் மகனுக்குக் கேட்டு வந்தாள். நல்ல குடும்பம். "கால்ல ஆபரேஷன் ஆன பொண்ணாமே, பரவால்ல, ஆனா ஆம்பளைங்களோட கம்பி தூக்கிகினு இருந்திச்சாமே, அத்த வுட்டுட்டா பேசலாம்" என்றாள். எனக்கு அது தப்பாகவே படவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஷாரோனைப் போய்ப் பார்த்து, இனிமேல் எடை தூக்கினால் கால் போய்விடும் என்று அமலாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயே என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "பொய் சொல்ல மாட்டேம்மா. நாரைத் தைச்சதோட டாக்டர் வேலை முடிஞ்சுது. இனிமே அந்த முட்டியைக் காபந்து பண்ணப்போறது தொடைதான். தொடைக்கு பலம் வரணும்னா எடை தூக்கித்தான் ஆவணும். அவசரப்படாம செய்யணும், அவ்ளோதான். உங்க பொண்ணு அவசரப்பட்டே நான் பாக்கல" என்றாள். எனக்குக் கோபம் வந்து எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம்தான், நீ சொன்னால் கேட்பாள், எடை தூக்குவதை விடச் சொல்லி எழுது என்று உனக்கு எழுதினேன். நீயும் அம்மா சொல்கிறாளே என்று அவள் பேருக்குத் தனியாகக் கடிதம் வைத்து அனுப்பினாய்.

ஆபரேஷன் ஆகி ஒன்பதாம் மாதம் டாக்டர் பார்த்துவிட்டு வெறும் கம்பியோடு ஆரம்பிக்கலாம் என்றார். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அவள் ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினாள், அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். உன் கடிதம் என் பையில் இருந்தது. எல்லோர் எதிரிலும் கொடுத்தால் அங்கேயே விட்டுவிட்டு வருவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடேசன் மாஸ்டர் நடத்தும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் நான் அதுவரை காலே வைத்ததில்லை. ஏழெட்டுப் பையன்கள், இரும்பு மோதுகிற சத்தம், வியர்வை நாற்றம். ஒருத்தன் நூறு கிலோவை வைத்துக்கொண்டு எழுகிறான். அவனுக்குப் பக்கத்தில் நம் அமலா, ஒரு தட்டும் மாட்டாத மொட்டைக் கம்பியோடு நிற்கிறாள். எனக்கு மானம் போவது போல இருந்தது. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கம்பியைத் தோளில் வைத்து மெதுவாக உட்காரப் போனாள், பாதியில் அந்தக் கால் நடுங்கியது, எழுந்துவிட்டாள். கம்பியைத் தாங்கியில் வைத்தாள். ஒரு மூங்கில் கழியை எடுத்துத் தோளில் வைத்துப் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தாள். மறுபடி கம்பி. மறுபடி அதே இடத்தில் நடுங்கியது. மறுபடி கழி. சங்கர், அவள் முகத்தில் பயம் இருந்தது. எனக்கு மட்டும் தெரிகிற பயம், சின்ன வயசில் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது வருமே அது. மாவுக்கட்டு வெட்டும்போதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பயந்துகொண்டே மூன்றாம் தடவையும் அந்தக் கம்பிக்கடியில் போனாள்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "இன்னாம்மா அங்கியே நின்னுகினு கீற, இப்பிடி என் பின்னால வா. நான் வுழுந்தா புடி" என்றாள். நான் பையைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் பின்னால் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டேன். கீழே இறங்கினாள். நடுங்குகிற இடம் வந்தது, தாண்டினாள். அடிவரைக்கும் உட்கார்ந்தாள். எழ வரவில்லை. கம்பி அவள் கழுத்தை அழுத்துகிறது, முதுகு விடைக்கிறது, எனக்குக் கை தானாகப் போய்விட்டது, அவள் இடுப்புக்கு ஒரு விரல்கடை தூரம். "தொடாதம்மா" என்றாள். கொட்டகையில் எல்லோரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பெற்ற பிள்ளை என் கண்ணெதிரில் திணறுகிறாள், என் கை அங்கேயே இருக்கிறது, தொடாமல் இருக்கிறேன். இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. அந்தத் தொடை, எட்டணா அளவு துடித்த அதே தொடை, தோலுக்கடியில் கயிறு முறுக்குவது போல முறுக்கி ஏறியது. எழுந்தாள்டா. முழுசாக எழுந்து நின்று மூச்சு விட்டாள். கோயில் சன்னிதியில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, எனக்கு அப்படிச் சிலிர்த்து, கையை நீட்டினபடியே நின்றுவிட்டேன். நடேசன் மாஸ்டர்தான், "கையை எறக்கும்மா, ஆச்சு" என்றார்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். உன்னை அப்படி எழுத வைத்தது என் தப்பு. தைரியம் சொல்லி வேறொன்று எழுது. மறுநாள் முட்டி கொஞ்சம் வீங்கியது, ஐஸ் ஒத்தடம் கொடுத்து மூன்று நாள் போகாமல் இருந்தாள், தானாகவே. இப்போது இரண்டு பக்கமும் சின்னத் தட்டு மாட்டி இருபத்தஞ்சு கிலோ. பழைய எழுபது வருமா வராதா என்று கேட்டேன், "தெரியாதும்மா, நாளைக்கு இருவத்தஞ்சு, அவ்ளோதான்" என்றாள். கங்கம்மாளுக்கு நானே ஆள் அனுப்பி, என் பெண் கம்பி தூக்குவாள், சம்மதம் என்றால் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இதைச் சொன்னதும் அப்பா சாப்பிடுவதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்றார். அங்கிருந்து இன்னும் பதில் இல்லை. வராவிட்டாலும் போகட்டும்.

வெயிலில் வேலை செய்கிற பிள்ளை, தண்ணீர் நிறையக் குடி, வெள்ளிக்கிழமையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. இரண்டு மாதமாக போட்டோ அனுப்பச் சொல்கிறேன், மறக்காதே, இளைத்திருந்தாலும் அனுப்பு. உன் உடம்பும் மனசும் உனக்கு எப்போதும் துணை நிற்கட்டும் என்று அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

என்றும் உன் அம்மா,
ப. சின்னப்பொண்ணு