கீழே ஜூலை, மேலே ஆகஸ்ட்

வெள்ளவத்தை
06.08.2025

அன்புள்ள ராணிக்கு,

உன் பீஸ் லில்லிக் கன்றுகள் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. இது உறுதியான செய்தி. சொன்னவர் ஓட்டோ ஸவாஹிர். திங்கட்கிழமை உன் வீட்டில் வெற்றுச் சட்டிகளை இறக்கப் போனபோது தன் கண்ணால் கண்டவர். "தங்கச்சிட செடியெல்லாம் நுனி கருகிக் கிடக்குது சேர்" என்றார். நான் கேட்காமலே சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ என் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்து ஏழு மாதம். ஆகவேதான் தாளும் பேனாவும்.

செப்டெம்பர் 5ஆம் திகதி கண் சிகிச்சை நிலையத்தார் தங்கள் வரவேற்புக் கூடத்துக்குக் கன்று வாங்க, பார்க்க வருகிறார்கள் என்று அறிகிறேன். அவர்கள் கேட்ட அறுபதும் தேறாவிட்டால் நீ திரும்பவும் புடவைக்கடையில் காசாளர் கதிரைக்குப் போகவேண்டி வரும். உன் இடத்தை அதுவரைக்கும் வைத்திருப்பதாக முதலாளி மக்கீனே என்னிடம் சொன்னார்.

எனக்குச் செடி தெரியாது. ஆனால் முப்பத்தொரு வருடம் புதுக்கடை நீதிமன்றங்களில் இருந்து செய்தி எழுதியவன், கேள்வி கேட்கத் தெரியும். எப்போது தொடங்கியது? அதற்கு முன்னால் என்ன மாறியது? எழுது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
அண்ணா நாகேந்திரம்


கொட்டாஞ்சேனை
09.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு மாதம் இல்லை. ஜனவரி 26. நீங்கள் எழுதிய அன்றைக்கு ஆறு மாதமும் பதினொரு நாளும். நீங்கள் திகதியில் பிழைவிட்டதை இப்போதுதான் முதன்முதலாகக் காண்கிறேன்.

அக்காவின் மகன் தர்ஷனுடைய கலியாணத்தில், மூன்றாம் பந்தியில், அத்தான், சம்பந்தி வீட்டார் என்று நாற்பது பேர் சாப்பிட இருக்கையில் நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தும் நான் மறக்கவில்லை. "எங்கடை ராணி நல்ல வேலையை விட்டுட்டு, கொட்டாஞ்சேனையிலை இலை பழுக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்கிறா." பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துப் பாயசம் வாங்கினேன். கை கழுவியதும் உங்கள் இலக்கத்தைத் தடுத்தேன்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில் என் கொப்பியில் ஏற்கனவே இருக்கிறது. ஜூலை 5இல், தேங்காய் மட்டைத் தூளான தும்புச்சோறு தருகிறவரை மாற்றி, அறுபத்து நான்கு கன்றையும் புதுக் கலவையில் நட்டேன். 16இல் முதல் நுனி கருகியது. 22இல் கீழிலைகள் மஞ்சள். பார்த்த எல்லாரும் "பசி" என்றார்கள். நானும் நம்பி உரத்தை இரட்டித்தேன். ஆற அமர யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அந்தப் பந்திச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டிருந்தது, கெதியாகப் பச்சையாக்கிக் காட்ட வேண்டும் என்ற அவதி. அதற்குப் பிறகு இன்னும் மோசம்.

ஜூலை 30இல் ஆறு கன்றுகளைச் சோதனைக்கு வேறாக்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். 17ஆம் திகதி ஞாயிறு தெரிந்துவிடும். அதுவரைக்கும் ஒருவரும் எனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜெயராணி


வெள்ளவத்தை
12.08.2025

அன்புள்ள ராணிக்கு,

திகதிப் பிழையை ஏற்றுக்கொள்கிறேன்.

பந்தியில் சொன்னதைப் பற்றி என்ன எழுதுவது என்று மூன்று தாள் கிழித்தேன். அதை அப்புறம் எழுதுகிறேன்.

ஒரு தகவலை இரண்டு பேரிடமாவது கேட்காமல் நான் ஒருநாளும் அச்சுக்குக் கொடுத்ததில்லை. இதையும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரிடம் விசாரித்தேன். கீழிலை மஞ்சளானால் நைட்ரஜன் பற்றாக்குறைதான் என்று இருவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன உரத்தில் ஒரு பை ஸவாஹிரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய், தெரியும். இருந்தாலும் இன்னும் இருபத்து நான்கு நாள்தான் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா


கொட்டாஞ்சேனை
17.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உரப்பையை ஸவாஹிர் நானாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களுடைய அந்த இரண்டு பேரும் யார் என்று அவரிடம் கேட்டேன். இரண்டு பேரும் உரக்கடை வைத்திருக்கிறார்களாம்! முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் இருந்தவருக்கு, இப்படிச் சொல்வதில் சாட்சிக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோன்றவில்லையா?

நைட்ரஜன் இல்லாமல் பசித்த செடியில் அடியிலுள்ள மூத்த இலை முழுதாக, ஒரே சீராக வெளிறும். நுனி கருகாது. என்னுடையதில் முதலில் கருகியது நுனி. சட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு படையும் இருந்தது. புது மூட்டையில் பாவிக்காத தும்புச்சோறு ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கொடுத்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "கடல் தண்ணி ஏறுற குழியிலதானே மட்டை ஊறுது, நீங்க கழுவித்தானே நடோணும் அக்கா" என்கிறார். பழைய ஆள் ஆற்றுத் தண்ணீரில் கழுவித் தருவார். இவர் கழுவவில்லை, நான் கேட்கவும் இல்லை. பிழை என்னுடையது. உப்புக்குள் நிற்கிற வேரால் தண்ணீர் குடிக்க முடியாது. அதற்கு மேலே உரம் என்று இன்னும் உப்பைக் கொட்டியிருக்கிறேன்.

இனி அந்த ஆறின் கதை. இரண்டுக்கு உரம் கூட்டினேன், அதில் ஒன்று செத்தது. இரண்டை அப்படியே விட்டேன், அப்படியே கிடக்கின்றன. இரண்டைச் சட்டி கொள்ளளவுக்கு நான்கு மடங்கு தண்ணீர் ஊற்றி, அடியால் ஓடவிட்டுக் கழுவி, உரத்தை நிறுத்தினேன். இன்றைக்கு இரண்டிலும் ஒவ்வொரு புது இலை. நுனியில் ஒரு புள்ளி இல்லை அண்ணா! பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன்.

காலையிலிருந்து குளியலறையில் மற்ற ஐம்பத்தெட்டையும் கழுவினேன். பக்கத்து வீட்டுத் துஷாந்தினி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ராணியக்கா, ஐம்பத்தெட்டுப் பிள்ளையளும் ஒண்டாப் பெரியபிள்ளையாகி ஒரே நாளிலை தண்ணி வார்வையோ? ஆலாத்தி எடுக்க ஆள் வேணுமெண்டா சொல்லுங்கோ" என்றாள். பிறகு அவளே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சட்டி தூக்கினாள்.

ஐம்பத்தெட்டும் இரண்டும் அறுபது. கொடுக்கிற மாதிரி மிச்சம் ஒன்றும் இல்லை. கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, புது இலை மட்டும்தான் சாட்சி. பத்தொன்பது நாளில் அது வர வேண்டும்.

ராணி


வெள்ளவத்தை
29.08.2025

அன்புள்ள ராணிக்கு,

உரக்கடை விஷயத்தில் பிழை என்னுடையது. என்னிடம் வேலை பழகிய ஒருவர் அப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளைத் திருப்பி எறிந்திருப்பேன்.

பன்னிரண்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஸவாஹிரைக் கேட்டால், "சொல்லக் கூடாதுண்டு உத்தரவு சேர்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, உன் வாயால் வரட்டும்.

அன்புடன்,
அண்ணா


கொட்டாஞ்சேனை
07.09.2025

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

அறுபதும் போய்விட்டன!

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சிகிச்சை நிலையத்தின் ரொஷேல் என்ற பிள்ளை வந்தாள். முகாமையாளராம், முப்பது வயதிருக்காது. முதல் சட்டியைத் தூக்கியதுமே முகம் மாறிவிட்டது. "அன்ரி, இது எரிஞ்சிருக்கே? நோய் பிடிச்ச செடியை நான் எப்பிடி எடுக்கிறது?"

முதல் நாள் பின்னேரம் துஷாந்தினி கத்தரிக்கோலோடு வந்து, "நுனியளை வெட்டி விடுவமே அக்கா, ஆருக்குத் தெரியப்போகுது" என்று கேட்டவள்தான். நான் விடவில்லை. அந்த நிமிடம், வெட்டியிருக்கலாமோ என்று எனக்கே தோன்றியது.

பிறகு சொன்னேன்: "கீழை இருக்கிறது ஜூலை, பிள்ளை. மேலை இருக்கிறது ஆகஸ்ட். மேலை பாருங்கோ."

கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். பிறகு ஒவ்வொரு சட்டியாக மேல் இலையைத் தூக்கி, நுனியைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். நானும் மனதுக்குள் கூடவே எண்ணினேன். அறுபதாவதை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னாள். கூடவே, "எங்கட ஹோலில நிக்கிற பழைய செடியளுக்கும் நுனி இப்பிடித்தான் அன்ரி. ஒருத்தருக்கும் ஏனெண்டு விளங்கேல்லை. நீங்க வந்து பாப்பீங்களா?" என்றாள். புதன்கிழமை போகிறேன். சட்டைக்கு மேலே போட வெள்ளைக் கோட்டு ஒன்று மட்டும் இல்லை, டொக்டர் என்றே கூப்பிடலாம்.

நேற்று மக்கீன் முதலாளியிடம் நேரில் போய், அந்தக் கதிரைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

இனி எங்கள் கணக்கு. பத்திரிகையில் பிழை போனால், அது போன அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும், உள்பக்க மூலையில் ஒளிக்கக் கூடாது என்று ஆசிரியரோடு நீங்கள் சண்டை பிடித்ததாக எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! இந்த 14ஆம் திகதி அத்தானுடைய எழுபதாவது பிறந்தநாள் சாப்பாடு. அதே மண்டபம், அதே ஆட்கள். மூன்றாம் பந்தியில் திருத்தம் வர வேண்டும். வாசித்து முடிந்ததும் உங்கள் இலக்கம் திறக்கும்.

இத்துடன் ஒரு சட்டி வருகிறது. அப்படியே விட்ட இரண்டில் ஒன்று. உள்ளே ஒரு சுருள் இலை இருக்கிறது. நான்கு சட்டித் தண்ணீர், உரம் கூடாது. ஒரு கிழமையில் விரியும், நீங்கள் இரண்டு பேரிடம் விசாரிக்காவிட்டால்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
ராணி


வெள்ளவத்தை
10.09.2025

என் அன்புள்ள ராணிக்கு,

சிகிச்சை நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் அறுபது கன்றுகளும் நலமாக நிற்கின்றன. இந்த முறை நானே நேரில் பார்த்தேன். நேற்றுக் காலை போய் எண்ணினேன். காவலாளி ஜீவராஜ், "கண் காட்டவா சேர்?" என்று கேட்டார். "இல்லை, இலை பாக்க வந்தனான். என்ரை தங்கச்சியின்ரை" என்றேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

திருத்தத்தின் வாசகம் கீழே. பிழை இருந்தால் ஞாயிற்றுக்கு முன்னால் அறிவி:

"26.01.2025 அன்று மூன்றாம் பந்தியில் நான் கூறிய தகவல் முழுமையானது அல்ல. என் தங்கை ஜெயராணி இலை பழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது உண்மை. அது ஏன் பழுக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை பார்த்தார் என்பதை நான் சொல்லாமல் விட்டேன். பந்தியைச் சிரிக்கவைத்தேன். அதற்காக அவரிடம், பந்திக்கு முன்னால், மன்னிப்புக் கேட்கிறேன்."

எழுந்து நின்று வாசிப்பேன். பாயசம் பரிமாறுவதற்கு முன்னால், எல்லார் வாயும் சும்மா இருக்கும் நேரத்தில்.

நீ தந்த கன்றுக்கு நான்கு சட்டித் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. இன்று காலை ஏழரை மணிக்கு இலை இன்னும் சுருளாகவே இருந்தது. உன் கணக்கின்படி ஞாயிற்றுக்கிழமை விரிய வேண்டும். மூன்றாம் பந்தி, அக்கா சொன்னபடி, அன்றைக்கு ஒன்றரை மணிக்கு. தொலைபேசி என் சட்டைப்பையில் இருக்கும். ஒலியைக் கூட்டி வைத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணா