படுக்கைப் புண் இல்லாத வார்டு

பிள்ளைப்பாக்கம்,
ஆவணி, 1984

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தேவநாதன் அவர்களுக்கு, பெருந்தேவி வணக்கத்துடன் எழுதுவது. புருஷன் பேரை வாயால் சொன்னால்தான் குற்றம், காகிதத்தில் எழுதினால் இல்லை என்று உங்கள் அம்மாவே சட்டம் சொல்லிவிட்டார். அதனால் தைரியமாக எழுதியிருக்கிறேன். வெயிலில் கறுத்துப் போய்விட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். போகும்போது மட்டும் என்ன சிவப்பாகவா போனீர்கள்?

அத்தை விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதையே தேடுவீர்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து படுக்கைதான். இந்த வயதில் ஆபரேஷன் தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்புகிறேன். பகலில் உங்கள் தங்கை கங்கா படப்பையிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்துக்கொள்கிறாள். அத்தையின் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நேற்று குழம்பில் உப்பு போதவில்லை என்று படுத்தபடியே என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கூத்து. கம்பெனி நடத்துகிற ஆஸ்பத்திரி அல்லவா, பர்சனல் ஆபீசர் பரசுராமன் போன வாரம் வார்டுக்கே வந்துவிட்டார். எங்கள் ஃபாக்டரி லைனில் டார்கெட் இல்லாமல் ஒரு நட்டுகூட முடுக்க மாட்டோம், உங்கள் வார்டுக்கு என்ன டார்கெட் என்று கேட்டார். நோயாளிகள் குணமாவதுதான் என்றேன். அப்படிச் சொன்னால் எப்படி சிஸ்டர், எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் என்றார். டாக்டரம்மாவும் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று தோன்றியதைச் சொன்னேன். முதுகு உடைந்து வருகிற தொழிலாளிகள், பக்கவாதத்தில் கிடக்கிற கிராமத்து ஆட்கள் என்று பாதி வார்டு படுக்கையாகத்தான் கிடக்கிறது. ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும். அந்தப் படுக்கைப் புண் யாருக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

அவ்வளவுதான், மறுநாளே சுவரில் ஒரு சார்ட் வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு கட்டம். வார்டில் யாருக்கும் புண் இல்லை என்றால் பச்சை, இருந்தால் சிவப்பு. ஆயா கனகம், வார்டு பாய் எல்லப்பன், நான், மூன்று பேரும் ஒரு குழு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒவ்வொருவரையும் இடது, மல்லாக்க, வலது என்று திருப்பிப் போட வேண்டும். இன்னாக்கா இது, ஆளுங்களை தோசை கணக்கா திருப்பினே இருக்கணுமா என்று எல்லப்பன் முனகுகிறான். ஆனால் வருஷம் முழுக்கப் பச்சை வந்தால் அவனுக்கு வேலை நிரந்தரமாகும் என்று ஆபீசர் சொல்லியிருக்கிறார். முனகிக்கொண்டே திருப்புகிறான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெருந்தேவி


பிள்ளைப்பாக்கம்,
ஐப்பசி, 1984

அன்புள்ள உங்களுக்கு, பெருந்தேவி எழுதுவது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன், மற்றபடி சுகம். மழை பிடித்துக்கொண்டது. ஒரகடம் ரோட்டில் தண்ணீர் தேங்கி, பாதி நாள் பஸ் வருவதே சந்தேகம்.

நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். கங்கா இப்போது வருவதில்லை. அவள் பெரிய பையனுக்கு அம்மை போட்டது. அது இறங்குவதற்குள் சின்னவளுக்கும் போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டு வாசல்படி தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவள் மாமியார் சொல்கிறாராம். அவளைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி நடவுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து கஞ்சி கொடுக்கிறாள். மற்ற நேரம் அத்தை தனியாகத்தான் இருக்கிறார்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற சொம்புத் தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை என்றால், ஈரமான துணியோடு நீ வரும் வரைக்கும் கிடக்கணுமா என்கிறார். லீவு கேட்டேன். வார்டில் இருப்பதே இரண்டு நர்சுகள், ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். கிடைக்கவில்லை.

வார்டில் வேலை நன்றாகத்தான் நடக்கிறது. அதை மறைக்கக் கூடாது. மெஷினில் அடிபட்டு முதுகு போன ஒரு டர்னர் ஆடியிலிருந்து படுத்திருந்தார், ஒரு கீறல் புண் இல்லாமல் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். கனகத்தின் காலில் விழப் பார்த்தார், அவள் ஓடியே போய்விட்டாள். சென்னையிலிருந்து பெரிய ஆபீசர்கள் வந்து சார்ட்டைப் பார்த்துவிட்டு எங்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அதில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேனாம். தூங்கியிருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வரும்போதே முதுகில் புண். இங்கே வந்து உண்டானதா, வரும்போதே இருந்ததா என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் ஏது? சிவப்பு அடிக்க வேண்டியதுதான் என்றேன். எல்லப்பன் முகம் செத்துப் போய்விட்டது. பரசுராமன் வந்து, வெளியிலிருந்து வருகிற சரக்கிலேயே பழுது இருந்தால் நாங்கள் கேட்டிலேயே திருப்பிவிடுவோம் சிஸ்டர் என்றார். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, புண்ணோடு வருகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம், அங்கே வசதி அதிகம் என்றார். பெரியவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நாள் முழுக்க நின்றவளுக்கு வாதாடத் தெம்பு எங்கே இருக்கிறது?

கட்டம் பச்சையாகவே இருக்கிறது. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அத்தை கேட்டார். பொங்கலுக்கு வருவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யாக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெருந்தேவி


ஆஸ்பத்திரி,
மார்கழி, 1984

என்னங்க, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அத்தைக்குப் புண் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே, எலும்பு தட்டுகிற இடத்தில். தோல் சிவந்த அன்றே பார்த்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதைத்தானே தினமும் வார்டு பூராவும் செய்துகொண்டிருக்கிறேன்! செய்ய வீட்டில் ஆள் இல்லை. காலையில் ஒரு பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போனால், வலி தாங்காமல் அவரே மெல்ல மல்லாந்துவிடுகிறார். சாயங்காலம் வந்து பார்க்கும்போது சிவப்பு கறுப்பாகியிருக்கும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்கு அது பலிக்கவில்லை. கண்ணெதிரே ஒரு புண் வளர்ந்தது, நான் பஸ் பிடித்துப் போய் அடுத்தவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சலும் வந்துவிட, வாடகைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து இங்கே கொண்டுவந்தேன். டாக்டரம்மா போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நம் ரூல் உனக்கே தெரியுமே பெருந்தேவி என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவம். பேனா எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதப் போனார். அன்று கட்டிலோடு திரும்பிப் போன பெரியவர் எனக்கு ஞாபகம் வந்தார். அவர் பேர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அங்கே போனால் அத்தையை யார் திருப்பிப் போடுவார்கள் என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பரசுராமன் வந்துவிட்டார். டார்கெட் வைத்ததே நீங்கள்தானே சிஸ்டர், உங்கள் வீட்டு ஆள் என்றால் மாற்றிக்கொள்வீர்களா என்றார். கேள்வி நியாயம்தான். என் வீட்டு ஆள் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அது உண்மை என்றேன். ஆனால் புண் வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் நான் சொன்னேன், புண் வந்தவர்களை வாசலோடு அனுப்புகிறோம் என்று சொல்லவில்லை என்றேன். உங்களுக்குச் சுவர்தான் பச்சையாக வேண்டும் என்றால் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். வேலை போயிருக்கும். ஆனால் டாக்டரம்மா, தான் எழுதிய சீட்டைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு, கட்டில் போடச் சொன்னார்.

மார்கழிக் கட்டம் சிவப்பு. எல்லப்பனுக்குச் சிபாரிசு செய்ய முடியாது என்று ஆபீசர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவன் என் முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நான் கேட்காமலே வந்து, புட்ச்சிக்கோ பாட்டி என்று தன் தோளைக் கொடுத்து அத்தையைத் திருப்பிவிட்டுப் போனான். அவன் விஷயம் மனசை அறுக்கிறது. கனகம்தான், போனா போவுதுக்கா, செவுத்துக்கா சோறு போடப் போறோம் என்றாள். அத்தை வந்த நாளிலிருந்து புண்ணோடு வருகிற யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. சார்ட்டையும் டாக்டரம்மா கழற்றச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டு. அந்த ஆளுக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதை டாக்டரம்மா அதில் எழுதுகிறார். கால் உடைந்தவர் சிலேட்டில், வெள்ளிக்கிழமைக்குள் உட்கார வேண்டும். பக்கவாதக்காரர் சிலேட்டில், தானாக டம்ளர் பிடிக்க வேண்டும். அத்தைக்கு முதலில், புண் சுருங்க வேண்டும் என்று எழுதியிருந்தார். போன வாரம் அதை அழித்துவிட்டு, வலி இருக்கக் கூடாது என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஒரு நர்சுக்கு அதன் அர்த்தம் தெரியும். உங்களுக்கும் புரியும் என்றுதான் விளக்காமல் விடுகிறேன்.

நேற்று டாக்டரம்மா அத்தையிடமே, உங்களுக்கு என்னம்மா வேணும், சொல்லுங்க, எழுதிடலாம் என்று கேட்டார். அத்தை, எனக்கு இன்னாமா வேணும், எம்புள்ளய ஒரு தபா பாத்துட்டா போதும் என்றார். கனகம் சாக்பீசை வாங்கி, தனக்குத் தெரிந்த எழுத்தில், மகன் வர வேண்டும் என்று எழுதிவிட்டாள். துடைப்பது, கட்டு மாற்றுவது, திருப்பிப் போடுவது எல்லாம் நாங்கள் செய்துவிடுவோம். அந்த வரியைச் செய்ய இங்கே யாருக்கும் கை இல்லை.

பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறது, ஒப்பந்தம் முடிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கும் ஒரு தாய் இருப்பாள், காலைப் பிடித்துக் கேளுங்கள். பெருமாள் அவர் மனசை இளக்கட்டும், கடல் தாண்டி வருகிற உங்களுக்குத் துணை நிற்கட்டும். எனக்கு அங்கிருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம்.

நீங்கள் வரும் வரை அத்தையை நல்லபடியாக வைத்திருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெருந்தேவி