யார் கொடுத்த எண்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனை எடுக்காதவனுக்குக் கடிதம்தான் போட வேண்டியிருக்கிறது. விலாசத்தை உன் பழைய கூட்டாளியிடம் கெஞ்சி வாங்கினேன். ஏழாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போனது உனக்குத் தெரியும். பிழைகளை எண்ணாதே, விஷயத்தைப் படி.

முதலில் வீட்டுச் சேதி. உன் அக்காவுக்கு மூட்டுவலி. படியேறும்போது மட்டும்தான் வலிக்கிறது, என்னைத் திட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. எங்கள் மகள், உன் மருமகள், கண்ணாடி போட்டுவிட்டாள். உன்னைப் போலவே மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரிப் பார்க்கிறாள். எனக்கு முன்தலை முழுக்கக் காலி. நான் ஏணியில் ஏறினால் தனியாக விளக்குப் போட வேண்டாம் என்று நம் ஆபீஸ் கிளையில் பேசிக்கொள்கிறார்கள்.

இனி வேலைச் சேதி. தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு அம்மாள் வந்திருக்கிறார். நெட்வொர்க் முழுவதும் அவர் பொறுப்பு. 'பட்டியலம்மா' என்று பேர் வைத்திருக்கிறோம். அவர் முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். நம் ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் ஆறு கிளைகளிலும் இருக்கிற ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் போடுகிற எண், எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறார். இத்தனை நாள் ஒவ்வொரு கிளையும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தது. அதில் மூன்று கிளைகள் ஒரே எண்களை வைத்திருந்தன. எல்லாக் கிளைகளையும் ஒன்றாக இணைத்தால் எது எந்தக் கிளையின் பிரிண்டர் என்று கடவுளுக்கும் தெரியாது. இப்போது கிளைக்கு ஒரு தனி வரிசை. புது மெஷின் வந்தால் பட்டியலைக் கேட்டுத்தான் எண் வாங்க வேண்டும். எந்த மெஷின், எந்த அறை, யார் கொடுத்தது, எந்தத் தேதி, எல்லாம் அதில் ஏற வேண்டும். உனக்கே பாடம் நடத்துகிறேன், சிரிக்காதே. எனக்குப் புரிந்ததா என்று நானே சரிபார்த்துக்கொள்கிறேன்.

என் வேலை ஏணியும் டார்ச்சும். கேபிளைப் பிடித்துக்கொண்டே போய், அது எந்த மெஷினில் முடிகிறது என்று பார்த்துச் சொல்வேன். மற்ற ஐந்து கிளைப் பட்டியலும் குப்பை. ஒரு கிளையில், செத்து எடைக்குப் போன பிரிண்டருக்கு இன்னும் எண் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நம் கிளைப் பட்டியல் நீ போட்டது. பட்டியலம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, இந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். வெளிநாட்டில் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறான் என்றேன். அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆறு கிளைக்கும் மாதிரி போட்டிருக்கிறார்.

அதில் ஒரு வரி மட்டும் நின்றுவிட்டது. வாசலில் விரல் வைக்கும் மெஷின். அதற்கு முதலில் போட்ட எண்ணை, அது வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே ரத்தம் பார்க்கும் மெஷினுக்கு என்று நீ தேதியோடு எழுதியிருக்கிறாய். விரல் மெஷினுக்கு அதை யார் கொடுத்தது என்ற கட்டம் காலி. பட்டியலம்மா வேலையாட்கள் எல்லாரிடமும் கேட்டு, கடைசியாக என்னிடம் வந்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் ஆயிற்று எனக்கு.

மச்சான், கொடுத்தது நான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ லீவு. அந்த மெஷின் கம்பெனிக்காரன் ஒரு எண் கேட்டுக்கொண்டு நின்றான். உன்னைக் கூப்பிட்டால் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன் இரு என்று அரை மணி நேரம் நிற்க வைப்பாய். லேப்டாப்பில் ஒரு எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. காலியாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டேன். சர்வீஸுக்காக ரத்த மெஷினை அன்றைக்கு அணைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை அதைப் போட்டதும் இரண்டும் ஒரே எண்ணில் முட்டிக்கொண்டன. அரை நாள் முடிவுகள் போகவில்லை. ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒருவருக்கு மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அவர் பிழைத்தது நம் அதிர்ஷ்டம்.

எண் கொடுப்பது உன் வேலை, அதனால் நீதான் கொடுத்திருப்பாய் என்று மேனேஜர் சொன்னபோது நான் ஏணி மேல் இருந்தேன். மச்சானுக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது என்று ஒரு ஜோக் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு அது உன் தப்பாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் நீ வண்டியை நிறுத்திக் கேட்டாய்.

"அத்தான், போன்ல கேட்டிருப்பாங்களோ? நான்தான் ஞாபகமில்லாம குடுத்துட்டேனா?"

"விடு மச்சான், யாருக்கும் நடக்கிறதுதான்."

என் வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன். நீ மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, இனி எண்களைத் தொடமாட்டேன் என்று கிளம்புவாய் என்று நினைக்கவில்லை. ஒன்றரை வருஷமாக உன் மூளை மேல் உனக்கே சந்தேகம் வரும்படி செய்துவிட்டேன். உனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அன்றைக்கு யாரும் உன்னிடம் எண் கேட்கவே இல்லை.

பட்டியலம்மாவிடம் என் பேரைப் போடச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரையும் மாட்டிவிடறதுக்காக நான் இந்தக் கட்டம் போடலண்ணே. நாளைக்கு ஒண்ணு நடந்தா யாரைக் கேக்கறதுன்னு தெரியணும், அவ்வளவுதான்."

"போடுங்கம்மா," என்றேன்.

மேனேஜருக்கும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். என்ன செய்வார் என்று தெரியாது. எது செய்தாலும் நியாயம்தான். உன் பேரில் தப்பில்லை என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் அனுப்புகிறேன்.

உன் அக்காவிடம் நேற்றுச் சொன்னேன். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நானும் அவனைத் திட்டினேனே. அதனாலதான் போன் எடுக்கலன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அது உன் பாடு, ஆற அமர யோசி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் நாலு மணிக்கு அக்கா கூப்பிடுவாள். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், கடைப்பக்கம் போய்விடுகிறேன். என்னிடம் பேச வேண்டாம். அவளிடம் மட்டும் பேசு, மச்சான். மணி அடித்தால் எடு.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான பெட்டியைத் தனியாகத் தூக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தான்.