பன்னிரண்டாம் பக்கமும் பதின்மூன்றாம் பக்கமும்

கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போன என் அண்ணாவுக்கு,

இதை எல்லோரும் வாசிக்கும் நாள் நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள். கொழும்பு வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்தாயிற்று. வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலரும் அச்சாகிறது. முதலில் தேவாரம், பிறகு உங்கள் வாழ்க்கைக் குறிப்பு, பெரியவர்களின் இரங்கலுரைகள், கடைசியில் இந்தக் கடிதம். ஆகவே நான் உங்களோடு கதைப்பதை மண்டபமே ஒட்டுக்கேட்கப் போகிறது. கேட்கட்டும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பை நானே தட்டச்சு செய்தேன். முப்பது வருடம் உங்கள் மனுக்களைத் தட்டியவளுக்கு அது ஒரு வேலையா? போர்க்காலத்தில் லொட்ஜுகளில் சந்தேகத்தில் பிடிபட்ட தமிழ்ப் பெடியன்களுக்காகப் புதுக்கடை நீதிமன்றத்தில் நீங்கள் நின்ற காலத்தை எழுதினேன். முகத்துவாரத்துப் பெடியனின் வழக்கையும் சேர்த்தேன். பொலிஸ் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம், அடியில் அவனுடைய தமிழ்க் கையெழுத்து. கூண்டில் வைத்து அதை வாசிக்கச் சொன்னீர்கள். அவன் கடதாசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அதோடு நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு அடைமொழி பிடிக்காது. "கொடூரமான" என்று நான் தட்டினால் வெட்டிவிட்டு, அதற்குரிய கடதாசியைப் பின்னால் இணைக்கச் சொல்வீர்கள். நானும் இப்போது அதையேதான் செய்திருக்கிறேன்.

போன கிழமை உங்கள் பழைய சிநேகிதரின் இரங்கலுரை வந்தது. பெயரை நான் சொல்லவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் அவரே போட்டிருக்கிறார், மூத்த வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கும் ஜனாதிபதி சட்டத்தரணி என்ற பட்டத்தோடு. உங்கள் பெயரோடு அந்தப் பட்டம் கடைசிவரை சேரவில்லை. மாணவர்களாக ஒரே அறையில் இருந்தது, அம்மா இருவருக்கும் சோறு போட்டது, சட்டக் கல்லூரி வாய்மொழிச் சோதனைக்கு ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டது, எல்லாவற்றையும் உருகி எழுதியிருக்கிறார். "ஈருடல் ஓருயிராக வாழ்ந்தோம். அவருடைய துன்பத்தில் தோள் கொடுத்தவன் என்ற பெருமை ஒன்றே எனக்குப் போதும்" என்று முடித்திருக்கிறார்.

தோள் கொடுத்தாராம்.

அந்தப் பெடியன்களுக்காக நின்ற உங்களையே வீட்டில் வைத்துக் கைதுசெய்து கொண்டுபோன காலையில் நான் முதலில் ஓடியது அவருடைய அலுவலகத்துக்குத்தான். பின்னேரம் வரை வெளியே மரவாங்கில் இருத்தி வைத்தார்கள். உள்ளே இருந்துகொண்டே அவர் என்னைச் சந்திக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கடிதம் அனுப்பினார், ஆங்கிலத்தில் மூன்று வரி. உங்களோடு தொழில்முறை அறிமுகத்துக்கு மேல் தனக்கு எந்த நெருக்கமும் இல்லை. உங்களுக்காக ஆஜராக இயலாது. இது விஷயமாக இனி யாரும் தன்னை அணுக வேண்டாம்.

பயந்ததற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யார்தான் பயப்படவில்லை? முகமே தெரியாத ஒரு சிங்களச் சட்டத்தரணி தானாக வந்து உங்களுக்காக நின்றாரே, அவரும் பயந்துகொண்டுதான் நின்றார். ஆனால் அவர் வந்து சேர ஏழு மாதம் ஆகிவிட்டது.

அந்த ஏழு மாதமும் அம்மா ஒவ்வொரு நாளும், "அவன் வந்தவனே?" என்று கேட்பார். உங்களை அல்ல, உங்கள் சிநேகிதரைத்தான் கேட்டார். நீங்கள் வரமுடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். வருவார் அம்மா, வருவார் என்று நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா கேட்டபடியே போய்ச் சேர்ந்தார். பெற்ற மகன் சிறையில் இருக்க, பொரளை மயானத்தில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் கொள்ளி வைத்தது.

நீங்கள் வெளியே வந்த அன்று அவருடைய கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே தந்தீர்கள்.

"பயந்திட்டான், பிள்ளை. விடு."

அவ்வளவுதான். அதன்பிறகு நீதிமன்ற வாசலில் நீங்கள் அவரோடு கைகுலுக்கிய ஒவ்வொரு முறையும் எனக்கு உங்கள்மேலும் கோபம் வந்தது. உங்களுக்குச் செய்ததை நீங்கள் மன்னிக்கலாம். அம்மாவுக்குச் செய்ததை மன்னிக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து, கீழே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்த தமிழாக்கமும் வைத்து, பதின்மூன்றாம் பக்கத்தில் போடக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்தும் முஸ்லிம் நானா ஃபோன் எடுத்து, பக்கம் மாறிப்போய்விட்டது போல என்றார். மாறவில்லை என்றேன். இரண்டு கையெழுத்தையும் ஒத்துப் பார்த்திருக்க வேண்டும், கடதாசி புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "படம் மங்கலா இருக்கு மிஸ். நான் நல்லாத் தெளிவாக்கி அடிச்சுத் தாறன்" என்றார்.

லண்டனிலிருந்து வந்திருக்கும் உங்கள் மகனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. இரண்டு நாளாகக் கெஞ்சுகிறான்.

"மாமி, அப்பா இருந்தா இதை விட்டிருக்க மாட்டார்."

ஓம், விட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் இத்தனை வருடம் பொறுத்தேன். செத்தவர் மலரில் பழி தீர்ப்பதா என்று கேட்கிறான். பழிதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த இரண்டு பக்கத்திலும் என்னுடைய சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டும் அவர் எழுதியவை.

அவர் கட்டாயம் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். முன்வரிசையில் கதிரை போடச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டிலும் குறை வைக்கமாட்டேன், பாயசம் வரை நானே பரிமாறுவேன். கை கழுவிவிட்டு வந்ததும் மலரை நானே அவர் கையில் கொடுப்பேன். உங்கள் படத்தையோ தேவாரத்தையோ அவர் பார்க்கமாட்டார். தான் எழுதியதைத்தான் தேடுவார். பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தால் பதின்மூன்றும் சேர்ந்துதான் திறக்கும்.

வாசித்து முடித்து அவர் தலை நிமிரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன், அண்ணா. இது அம்மாமேல் சத்தியம்.

நீங்கள் விடச் சொல்லியும் விடாத,
உங்கள் ஒரே தங்கச்சி